இரண்டு தொட்டி, ஒரே தண்ணீர்

ராஜபாளையத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி கேட்ட கேள்வி இது. அவள் வீட்டுக் கொல்லையில் இரண்டு சிமென்ட் தொட்டிகள். ஒன்றில் அல்லியும் கப்பி மீன்களும். இன்னொன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பழைய தொட்டி. மாட்டை விற்ற பிறகு சும்மா கிடக்கிறது. "ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துட்டா மீனெல்லாம் அங்கிட்டும் இங்கிட்டும் போகும்ல? ஆனா ஓட்டை போட்டா ஒழுகும்னு அப்பா சொல்றாங்க. ஒழுகாமச் சேர்க்க முடியுமா?"

முடியும். ஆனால் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தொட்டியில் துளை போட்டு, ஒரு பிவிசி பைப்பைச் சொருகி, சுற்றிலும் சிமென்ட் பூசி விட்டால் பெரும்பாலும் ஒழுகத்தான் செய்யும். எதனால் ஒழுகுகிறது என்று முதலில் பார்ப்போம். ஒழுகாத வழி அதற்குள்ளேயே இருக்கிறது.

சுவர் ஒழுகவில்லை. எத்தனையோ வருஷம் தண்ணீரைத் தாங்கிய சுவர் அது. பைப்பும் ஒழுகவில்லை. சுவரும் பைப்பும் ஒன்றையொன்று தொடுகிற அந்த வட்டமான ஓரம் இருக்கிறதே, அங்கேதான் வழி பிறக்கிறது. சட்டை கிழிந்தால் தையலோரமாகக் கிழிவது போல.

தண்ணீர் பயங்கரமாக முட்டித் தள்ளி வழி உண்டாக்குகிறது என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை 1 கிராம். ஆகவே 30 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்தையும் தண்ணீர் 30 கிராம் எடை அளவுக்கு அழுத்துகிறது. இரண்டு இன்ச் துளையின் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். இருபதை முப்பதால் பெருக்கினால் 600 கிராம். அவ்வளவுதான்! ஒன்றாம் வகுப்புத் தம்பி உள்ளங்கையை வைத்தே அடைத்துவிடுவான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கணக்கில் தொட்டியின் நீள அகலம் எங்கேயும் வரவே இல்லை, கவனித்தீர்களா? ஆழம் மட்டும்தான் வந்தது. அந்தத் துளை உங்கள் வீட்டுத் தொட்டியில் இருந்தாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுக்குளத்தின் கரையில் இருந்தாலும் சரி, தண்ணீர் மட்டத்துக்கு ஒரே ஆழம் கீழே இருந்தால் அதே 600 கிராம்தான். பெரிய குளம் என்பதால் கூடுதலாகத் தள்ளிவிடாது. 1586-இல் சைமன் ஸ்டீவின் என்ற நெதர்லாந்துக்காரர் இதைப் புத்தகமாக எழுதினார். பிறகு பிரான்சின் பிளெய்ஸ் பாஸ்கல் இன்னும் தெளிவாக எழுதினார். அவர் இறந்த மறு வருஷம், 1663-இல் அந்த நூல் அச்சானது.

ஆக, தண்ணீருக்குப் பலம் குறைவு. பொறுமை மட்டும் அதிகம். நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஒரு நாளைக்கு 86,400 நொடி. வகுத்துப் பார்த்தால் நாலே கால் லிட்டருக்கு மேல். ஒரு மாதத்தில் 130 லிட்டர் அளவுக்குப் போய்விடும். மீன் பாவமில்லையா?

சரி, அந்த ஓரத்தில் இடைவெளி எப்படி வந்தது? இரண்டு காரணங்கள். ஈரச் சிமென்ட் காயும்போது கொஞ்சம் சுருங்கும். வழுவழுப்பான பைப்பை அது இறுகப் பற்றிக்கொள்வதில்லை, மெல்ல விட்டு விலகுகிறது. இரண்டாவது, நம் ஊர் வெயில். சூட்டில் எல்லாப் பொருளும் விரியும். ஆனால் ஒரே அளவாக விரியாது. சிமென்ட் விரிவதைப் போல ஐந்தாறு மடங்கு பிவிசி விரியும். சித்திரையில் பகலில் சுட்டு இரவில் ஆறும்போது 20 டிகிரி வித்தியாசம் வந்தால், இரண்டு இன்ச் பைப்பின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஏழு பங்கு மாறும். சுற்றியுள்ள சிமென்ட் துளை மாறுவது நூறில் ஒரு பங்கு. மிச்சம் ஆறு பங்கு இடைவெளி, ஒரு தலைமுடி பருமன். நமக்கு அது கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் மூலக்கூறுக்கோ அது மதுரை மாசி வீதி மாதிரி அகலம்! சுமார் இரண்டு லட்சம் மூலக்கூறுகள் தோளோடு தோள் உரசி வரிசையாக நிற்கலாம்.

பிளம்பர் அண்ணன் பைப்போடு பைப்பை ஒட்டும்போது ஒழுகுவதில்லையே என்று கேட்பீர்கள். அவர் தடவுகிற சொல்யூஷன் பசை மாதிரி வேலை செய்வதில்லை. அது பிவிசியின் மேல்தோலைக் கரைத்துவிடுகிறது. கரைந்த இரண்டு தோலும் கலந்து, மருந்து ஆவியாகிப் போனதும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடுகிறது. அப்புறம் அங்கே இரண்டு பொருளே இல்லை. சிமென்ட் சுவரில் அதே சொல்யூஷனைத் தடவினால் கரைய ஒன்றுமில்லை, சும்மா காய்ந்து உதிரும்.

சிமென்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இருவரோடும் ஒத்துப்போகிற மூன்றாவது ஆள் வேண்டும். அது ரப்பர். மொட்டை மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் அடியில் பைப் வெளியே வரும் இடத்தைப் பாருங்கள். மரை போட்ட ஒரு துண்டு, ஒரு பக்கம் விளிம்பு, மறுபக்கம் நட், நடுவில் ரப்பர் வாஷர். ஹார்டுவேர் கடையில் டேங்க் நிப்பிள் என்று கேட்டால் கொடுப்பார்கள். நட்டைத் திருகத் திருக ரப்பர் நசுங்கி, மேடு பள்ளத்தில் எல்லாம் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பைப் விரிந்தால் ரப்பர் ஒதுங்கும். சுருங்கினால் பின்னாலேயே போகும். ஒன்றே ஒன்று: சுவர் சொரசொரப்பாக இருந்தால் ரப்பரால் சமாளிக்க முடியாது. வாஷர் உட்காருகிற இடத்தை மட்டும் வழுவழுவென்று பூசி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் மாட்ட வேண்டும். அவசரப்பட்டு ஸ்பேனரால் முறுக்கிப் பிளாஸ்டிக் மரையைக் கழற்றிவிடுபவர்களும் உண்டு. கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. போதும்.

தொட்டியைப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு வேறு ஒரு நல்ல வழி இருக்கிறது. சுவருக்குள் போகிற பகுதியில் பைப்பின் மேல் சொல்யூஷனைத் தடவி, அது காய்வதற்குள் சலித்த மணலைத் தூவிவிட வேண்டும். மணல் பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும். இப்போது சிமென்ட் பற்றிக்கொள்வது வழுவழுப்பான பைப்பை இல்லை, மணலை. மணலோடு சிமென்டுக்கு என்றைக்குமே சண்டை வந்ததில்லை.

சுவரைச் சரிசெய்துவிட்டோம். இன்னும் ஒரு எதிரி பாக்கி. அது தரைக்கு அடியில் இருக்கிறது. மலையடிவாரத்தை விட்டுக் கிழக்கே போகப் போக விருதுநகர் மாவட்டத்தில் கரிசல் மண்தான். கோடையில் கரிசல் காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். மழை விழுந்தால் அதே மண் உப்பி வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். அந்தக் களிமண்ணின் படலங்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அவற்றைத் தூக்கிவிடுவதால் அப்படி. இந்த மண்ணின் மேல் இரண்டு தொட்டி இருந்தால், ஒன்று ஒரு நூல் ஏறும், மற்றது ஒரு நூல் இறங்கும். நடுவில் விறைப்பான பைப் மாட்டிக்கொண்டால் அது முறியும், இல்லாவிட்டால் வாஷரைப் பிடுங்கும். அதனால் இரண்டு தொட்டிக்கும் இடையில் பைப்பை நேராக ஓட்டாமல், நடுவில் ஒரு முழம் வளைகிற ஹோஸ் துண்டு போட்டுக் கிளிப் மாட்டிவிட வேண்டும். தொட்டிகள் ஆடட்டும், ஹோஸ் வளைந்துகொள்ளும்.

இப்போது அடுத்த கேள்வி. ஒரு தொட்டி உயரம், இன்னொன்று கட்டை. சேர்த்தால் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கும்?

இதற்கு விடை வீடு கட்டுகிற இடத்தில் கிடைக்கும். கொத்தனார் தண்ணீர் நிரப்பிய ஒரு நீளமான டியூபை வைத்திருப்பார். ஒரு முனையை இந்த மூலையில் ஒருவர் பிடிப்பார், மறு முனையை வீட்டின் அந்தப் பக்கம் இன்னொருவர். டியூப் நடுவில் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்துச் சுவரில் கோடு கிழிப்பார். எந்தப் பக்கம் உயரமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஆழம் அதிகம். ஆழம் அதிகமானால் அழுத்தம் அதிகம். அழுத்தம் குறைந்த பக்கமாகத் தண்ணீர் நகரும். இரண்டும் சமமானதும் நின்றுவிடும். உங்கள் தொட்டிகளும் அப்படியே. கட்டைத் தொட்டியின் விளிம்புக்கு மேல் எதிலுமே தண்ணீர் நிற்காது. உயரத் தொட்டியை நிரப்பப் பார்த்தால் கட்டைத் தொட்டி வழியும். ஆகவே துளை போடுவதற்கு முன்னால் டியூபை வைத்து மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் துளை போட்டுவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள்தான் அதிகம்.

மலைக்கு மேலேயே இப்படிச் சேர்த்திருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணியில் பாபநாசம் அணை. அந்த ஆற்றோடு சேரும் சேர்வலாற்றில் சேர்வலாறு அணை. இரண்டு நீர்த்தேக்கத்தையும் மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் இணைக்கிறது. மழைக்காலத்தில் பேப்பரில் அணை நீர்மட்டம் போடுவார்கள், படித்துப் பாருங்கள். பாபநாசத்தின் முழு அளவு 143 அடி, சேர்வலாற்றுக்கு 156 அடி. சேர்ந்திருக்கும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்று இப்போதுதானே சொன்னோம்? பதின்மூன்று அடி வித்தியாசம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் யோசியுங்கள்.

தண்ணீரின் மேல்மட்டம் ஒன்றுதான். அளக்கத் தொடங்கும் இடம்தான் வேறு வேறு. ஒவ்வொரு அணைக்கும் அதனதன் அடியிலிருந்து அடிக்கணக்குப் போடுகிறார்கள். உங்கள் உயரத் தொட்டியில் தரையிலிருந்து அளந்தால் ஒரு கணக்கு, மேடையில் இருக்கும் தொட்டியில் அதன் அடியிலிருந்து அளந்தால் வேறு கணக்கு வரும் இல்லையா? அதேதான். பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தில் தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள். அவற்றுக்கு நடுவே சுரங்கம்கூட இல்லை. திறந்த வெட்டு வாய்க்கால் ஒன்றே இரண்டையும் சேர்த்துவிடுகிறது.

இதுவரை பேசியது துளை போட்டுச் சேர்ப்பது. எனக்குப் பிடித்த வழி அடுத்து வருகிறது: துளையே போடாமல் சேர்ப்பது. துளை இல்லாவிட்டால் ஒழுகுவதற்கு இடமே இல்லையே!

ஒரு வாளியில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரை அதற்குள் முழுக அமுக்கி, காற்றெல்லாம் வெளியேறியதும் தலைகீழாகத் திருப்பி, மெதுவாக மேலே தூக்குங்கள். வாய் மட்டும் தண்ணீருக்குள் இருக்கட்டும். டம்ளருக்குள் தண்ணீர் கீழே இறங்காமல் வாளியின் மட்டத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். வாளித் தண்ணீரின் மேல் நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம்தான் டம்ளருக்குள் இருக்கும் தண்ணீரைத் தாங்குகிறது. காற்றால் இப்படிச் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணைத் தாங்க முடியும். நமக்குத் தேவை தொட்டி விளிம்பைத் தாண்டும் ஒரு சாண் உயரம்.

இப்போது ஒரு ஹோஸ் குழாயைத் தண்ணீருக்குள் முழுக முக்கி, உள்ளே துளிக் காற்றும் இல்லாமல் நிரப்புங்கள். இரு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, ஒரு முனையை இந்தத் தொட்டியிலும் மறு முனையை அந்தத் தொட்டியிலும் முக்கிவிட்டு விரலை எடுங்கள். குழாய் சுவரின் மேலே ஏறி இறங்கிக் கிடக்கும். உயரமான மட்டம் உள்ள தொட்டியிலிருந்து தாழ்ந்ததற்குத் தண்ணீர் தானாக ஏறிப் போகும். இரண்டு மட்டமும் சமமானதும் நிற்கும். ஒன்றில் தண்ணீர் ஊற்றினால் மறுபடி ஓடும். மோட்டார் இல்லை, வாஷர் இல்லை, சிமென்ட் இல்லை. பள்ளிப் புத்தகத்தில் இதற்கு வடிகுழாய் என்று பெயர். ஊரில் சைபன் என்றால் புரியும்.

ஹோஸுக்குப் பதில் டம்ளரையே பெரிதாக நினைத்துப் பாருங்கள். கண்ணாடியில் ஒரு பாலம் போலப் பெட்டி செய்து, நீர் நிரப்பிக் கவிழ்த்து, ஒரு காலை இந்தத் தொட்டியிலும் மறு காலை அந்தத் தொட்டியிலும் ஊன்றிவிட்டால், மீன்கள் சுவரின் மேலே ஏறி அடுத்த தொட்டிக்குப் போகும்! மீன் வளர்ப்பவர்கள் உலகத்தில் பல இடங்களில் இப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு மேல் பூனை உட்கார்ந்து கீழே மீன் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது மட்டும்தான் தொந்தரவு.

இல்லை, இன்னொரு தொந்தரவும் உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, வெயில் ஏற ஏறக் குமிழியாகப் பிரியும். பாசியும் செடியும் ஆக்சிஜனை விடும். எல்லாக் குமிழியும் குழாயின் உச்சி வளைவில்தான் போய்ச் சேரும். குமிழி பெரிதாகிக் குழாயை நிரப்பிவிட்டால் தண்ணீர்ச் சங்கிலி அறுந்து சைபன் நின்றுவிடும். அதனால் உச்சியில் மெல்லிய டியூப் ஒன்றைச் செருகி வைத்து, வாரம் ஒரு தடவை காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். வாயை வைத்து உறிஞ்சாதீர்கள், மீன் தொட்டித் தண்ணீர் வயிற்றுக்குள் போகும். மருந்துக் கடையில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள்.

சைபனின் வாயை எவ்வளவு ஆழத்தில் வைப்பது? ஒரு சாண் போதும், அடிவரை விடக்கூடாது. ஏனென்றால் ஒரு தொட்டியில் என்றைக்காவது விரிசல் விட்டு இறங்கினால், அடுத்த தொட்டித் தண்ணீரும் பின்னாலேயே போகும். வாய் ஒரு சாண் ஆழத்தில் இருந்தால், ஒரு சாண் இறங்கியதும் காற்று புகுந்து சைபன் அறுந்துவிடும். மிச்சத் தண்ணீரும் மீனும் பிழைக்கும். துளை போட்டுச் சேர்க்கும்போதும் துளையை அடியில் போடாமல் மேலே போடச் சொல்வது இதே கணக்கில்தான்.

இந்த மேலே வைக்கிற யோசனை நம் ஊருக்குப் புதிதில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மண்ணைக் கொஞ்சம் உயரத்திலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கே பெய்கிற மழை முடங்கியாறு போன்ற ஓடைகளிலும் ஆறுகளிலும் இறங்கி, கடைசியில் வைப்பாற்றோடு சேர்ந்து தூத்துக்குடி மாவட்டத்தில் கடலுக்குப் போகிறது. மலையிலிருந்து கடல்வரை தரை மெல்ல மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவில் படிப்படியாகக் கண்மாய்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம், ராஜபாளையத்தின் கருங்குளம், புளியங்குளம் எல்லாம் அப்படி உண்டானவைதான். 2025-இல் எல்லோரும் ரீல்ஸில் பார்த்த கூமாபட்டிக்கு மேலே பிளவக்கல்லில் பெரியாறு அணை, கோவிலாறு அணை என்று இரண்டு இருக்கின்றனவே, அந்தத் தண்ணீரும் வத்திராயிருப்புப் பக்கத்துக் கண்மாய்களைத்தான் நிரப்புகிறது.

ஒரு கண்மாயை அடுத்த கண்மாயோடு எப்படிச் சேர்த்தார்கள்? கரையில் பெரிய துளை போட்டுப் பைப் வைத்தா? இல்லை. கரையின் ஓரிடத்தில் மற்ற இடத்தைவிடத் தாழ்வாகக் கல் கட்டி விட்டார்கள். கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் அந்தக் கல்லின் மேலே வழிந்து, வாய்க்காலில் இறங்கி, கீழே இருக்கும் கண்மாய்க்குப் போகிறது. "கண்மாய் மறுகால் பாயுது" என்று ஊரே பார்க்கக் கிளம்புமே, அதுதான். கல்லின் மேலே போகிற தண்ணீர் கரைக்குள் நுழைவதில்லை. கீழ்க் கண்மாய் வற்றினாலும் மேல் கண்மாய் வற்றாது. ஒவ்வொன்றும் தன் மட்டத்தில் தானே நிற்கும்.

வயலுக்குத் தண்ணீர் விடும்போது மட்டும் வேறு வழியில்லை, கரைக்கு அடியில் துளை வேண்டியிருக்கிறது. பாண்டி நாட்டுக் கண்மாய்களில் குமிழித் தூம்பு என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். கரையை ஒட்டித் தண்ணீருக்குள் ஒரு கல் தொட்டி மாதிரி இருக்கும். மேலே தண்ணீர் போக நீரோடித் துளை, அடியில் சேறு போகச் சேறோடித் துளைகள். மேலே செருகியிருக்கும் கல்லைத் தூக்கினால் தண்ணீர் சுழித்து இறங்கி, அடியில் தோண்டிய சுருங்கை வழியாகக் கரையைத் தாண்டி வெளியே வரும். போகிற போக்கில் அடி வண்டலையும் இழுத்துக்கொண்டு போகும். கல்லும் மண்ணும் சந்திக்கிற இடம் இது என்பதால், சுற்றிலும் களிமண்ணை நனைத்து இடித்து இறுக்குவது பழைய முறை.

மண் கரையில் கசிவு வந்தால் அது வீட்டுத் தொட்டிக் கசிவு மாதிரி இல்லை. சிமென்டில் கசியும் தண்ணீர் சிமென்டை அள்ளிக்கொண்டு போகாது. மண்ணில் கசியும் தண்ணீர் ஒவ்வொரு மண் துகளாக அள்ளிக்கொண்டு போகும். வழி பெரிதாகும், பெரிதானால் வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் அள்ளும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்று ஒரு மண் அணை. 90 மீட்டருக்கு மேல் உயரம். 1976-இல் அதை முதன்முதலாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 5 காலையில் அணையின் அடியில் கலங்கலாகக் கசிவு தெரிந்தது. புல்டோசரை வைத்து மண்ணைத் தள்ளி அடைக்கப் பார்த்தார்கள். புல்டோசர்களே உள்ளே போயின. மத்தியானத்துக்குள் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். கண்மாய்க் கரையில் கசிவு தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக வந்தால் மண் போகிறது என்று அர்த்தம்; உடனே பெரியவர்களிடம் ஓடிப்போய்ச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

கொல்லைக்குத் திரும்புவோம். அந்தப் பிள்ளைக்கு என் யோசனை இது. மீன் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும் என்றால் சைபனோ கண்ணாடிப் பாலமோ. அதற்கு வசதி இல்லாவிட்டால், ஒரு தொட்டியைச் செங்கல் வைத்துக் கொஞ்சம் உயர்த்தி, அதிலிருந்து மறுகால் விட்டுக் கீழ்த் தொட்டியில் விழச் செய்யலாம். சின்ன மோட்டார் ஒன்று கீழ்த் தண்ணீரை மேலே ஏற்றட்டும். மேல் தொட்டியில் மீன் விடாமல் கல்வாழை, ஆகாயத்தாமரை என்று செடியாக நிரப்புங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். கல்லிலும் வேரிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட் ஆக்கும், பிறகு நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டைச் செடி உரமாகச் சாப்பிட்டுவிடும். மேல் தொட்டி கீழ்த் தொட்டியைக் கழுவிக்கொண்டே இருக்கும். இதில் மீன் மேலே ஏற முடியாதுதான். ஆனால் வெயிலில் பச்சைக் குழம்பாகும் தண்ணீர் தெளிந்துவிடும், மீனும் கண்ணுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் இதுவே மேல்.

மாட்டுத் தொட்டியில் பூச்சு வேலை செய்திருந்தால் உடனே மீன் விடக்கூடாது. புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரைக் கடுமையான காரமாக்கிவிடும். மீனின் செவுள் வெந்துபோகும். தண்ணீரை நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி என்று பல தடவை செய்ய வேண்டும். மீன் பண்ணைக்காரர்கள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பார்கள். அது அழுகும்போது வரும் அமிலம் காரத்தைக் குறைக்கும். நாறும். பரவாயில்லை, அலசிக் கொட்டிவிடலாம்.

இவ்வளவும் செய்த பிறகு மட்டம் இறங்குகிறதா? ஒழுகுகிறது என்று உடனே அழாதீர்கள். கோடையில் திறந்த தொட்டியிலிருந்து ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேலேயே ஆவியாகிப் போகும். சந்தேகம் தீர ஒரு வழி: ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரை நிரப்பித் தொட்டிக்குள்ளேயே செங்கல் மேல் நிறுத்துங்கள். வாளியின் உள்மட்டத்துக்கும் தொட்டி மட்டத்துக்கும் கோடு போடுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் திருடன் சூரியன். தொட்டி மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் ஒழுக்கு இருக்கிறது. அப்போது தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, மஞ்சள் தூளைக் கொஞ்சம் நீரில் கரைத்து, சிரிஞ்சால் பைப் ஓரத்தில் மெதுவாக விடுங்கள். ஒழுக்கு உள்ள இடத்தை நோக்கி மஞ்சள் நூலாக நீண்டு உள்ளே போகும். பூச்சில் மயிரிழை வெடிப்பு மட்டும் என்றால் சில வாரம் பொறுத்துப் பாருங்கள். கரைந்த சுண்ணாம்பு அந்த வெடிப்பிலேயே வெள்ளையாகப் படிந்து, சில சமயம் தானே அடைத்துவிடும்.

கடைசியாக, மழைத் தண்ணீர் நிறைந்து வழிய இரண்டு தொட்டிக்கும் வெளிப்பக்கமாக ஒரு மறுகால் வைப்பீர்கள் இல்லையா, அதன் வாயில் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டிவிடுங்கள். கப்பி தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன். உங்கள் வீட்டுச் சாக்கடை ஓடைக்குப் போகும், ஓடை கண்மாய்க்குப் போகும். அங்கே அயிரைக்கும் கெண்டைக்கும் புதுப் போட்டி வேண்டாம். வாரம் ஒரு தடவை வலையில் ஒட்டியிருக்கும் பாசியைத் தட்டிவிட மறக்காதீர்கள். அடைத்துக்கொண்டால் ஐப்பசி மழையில் தொட்டி விளிம்பெல்லாம் வழிந்து, காலையில் வாசல் கோலத்தில் மீன் துள்ளும்.